அறுத்தெடுத்த தொட்டில் கொக்கி

எருத்தேன்பதிப் பக்கம் நாங்கள் இருபத்துமூன்று வருஷம் குடியிருந்த வீட்டின் உள்ளறையில், மேல்தளத்தின் நடுமத்தியில், பெரிய பொட்டு அளவுக்கு ஓர் இரும்பு தெரியும். அந்த வீட்டுக்கு மூன்று தடவை வெள்ளையடித்தோம். மூன்று தடவையும் ஏணிக்குக் கீழேயே நின்று, அந்த இரும்பின் மேல் மட்டும் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது தடவை வந்த பெயிண்டர் ஏணி மேலிருந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க்கா, இது சாமி சமாச்சாரமுங்களா?"

"சாமி இல்லீங்க. ஒரு ஆளை மறந்துரக் கூடாது. அதுக்கு வெச்சிருக்கறது."

அவர் அந்த இரும்பைச் சுற்றி வளைத்துப் பிரஷை ஓட்டினார்.

அந்த இரும்பு ஒரு தொட்டில் கொக்கியின் மிச்சம். கொக்கியை அறுத்துக்கொண்டு போனவர் எங்களுக்கு அந்த வீட்டை விற்ற மில்லுக்காரர். மிளகாய், மல்லி, ராகி அரைக்கிற மாவு மில் அவருடையது. மெயின் ரோட்டில் புது மில் போட்டு, மேலேயே வீடும் கட்டிக்கொண்டதால் பழைய வீட்டை விற்றார். நான் தையல்காரி. என் வீட்டுக்காரர் தேங்காய் களத்தில் உரிக்கிற வேலை. வாடகை வீட்டில் இருந்த எங்களுக்கு அது முதல் சொந்த வீடு.

வீடு பார்க்கப் போனபோது நான் எட்டு மாதம். மில்லுக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினார். உள்ளறைக்கு வந்ததும் மேலே கை நீட்டினார். கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி, கான்கிரீட்டிலிருந்து இறங்கி, நுனியில் வளைந்து தொங்கியது. பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"இதைப் பாத்துக்க கண்ணு. என்ற மூணு புள்ளைங்களும் இதுலதான் தூங்குனதுங்க. இந்த ஊட்டுல எது இல்லீனாலும் இது இருக்குது உனக்கு."

நான் அதை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். மனுஷர்கள் வாயில் வருகிற வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. தையல் மெஷினில் கால்தான் வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வீடு பிடித்ததா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் கொக்கியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். "ஊடு பாக்கப் போனயா, கொக்கி பாக்கப் போனயா" என்றார் அவர்.

வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறக் கூடாது என்று அம்மா நிறுத்திவிட்டார். மகள் பிறந்து மூன்றாம் மாதம் பால் காய்ச்சப் போனோம். கதவைத் தள்ளியதும் எனக்கு முன்னால் நின்ற வீட்டுக்காரர் நகரவில்லை.

விசிறி இல்லை. பல்பு மாட்டுகிற ஹோல்டர்கள் இல்லை, ஒயர் மட்டும் சுவரிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சுப் பலகைகள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகக் குழி. சமையலறைக் குழாயைத் திருகி எடுத்து, ஓட்டையில் சோளத்தக்கையைச் செருகியிருந்தார்கள். கிணற்று மோட்டாரும் ஸ்டார்ட்டரும் போயிருந்தன. தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல்லைத் தோண்டி எடுத்ததில், ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம் போல ஒரு பள்ளம். கதவுகளின் உள்தாழ்ப்பாள்கூட இல்லை. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளையும் பிடுங்கியிருந்தார்கள்.

பால் காய்ச்சத் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்குக் குடம் எடுத்துப் போனேன். மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அக்கா அங்கே இருந்தார். தண்ணீர் குடத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சொன்னார்.

"கோழிய உரிக்கற மாதிரி உரிச்சுட்டுப் போயிருக்கறானே! செவுத்தைக் கொண்டுட்டுப் போக வண்டி கெடைக்கல போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் மகளைத் தோளில் போட்டபடி உள்ளறைக்குப் போனேன். காலில் ஏதோ நெறுநெறுவென்று குத்தியது. குனிந்து பார்த்தால் இரும்புத்தூள். நிமிர்ந்து பார்த்தால், கொக்கி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு பொட்டு. ஆக்சா பிளேடு போட்டு, தளத்தோடு தளமாக, கொஞ்சம் சாய்வாக அறுத்திருந்தார்கள்.

அன்றைக்கு நான் அழவில்லை. அழுதிருந்தால் அதோடு கரைந்து போயிருக்கும்.

மறுநாள் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்க் கேட்டார். "ஊடுதானுங்க வித்தோம், சாமானம் வித்தமுங்களா?" என்று மில்லுக்காரர் சிரித்தாராம். நாங்கள் அதை நம்பினோம். எங்கள் ஊர் மலையாள எல்லைக்குள் இருப்பதால் ஆதாரம், அதாவது வீட்டின் கிரயப் பத்திரம், மலையாளத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்துதான் தெரியும். எழுதியவர் அதை வாசித்துக் காட்டியபோது, பால் பொங்கி வழிகிற வேகத்தில் வாசித்தார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பாதிப்பேர் அப்படித்தான் வீடு வாங்கினார்கள், தலையை ஆட்டி.

புதுக் கொக்கி போடலாம் என்றால், பழைய கான்கிரீட்டைத் துளைத்தால் மழைக்கு ஒழுகும் என்று கொத்தனார் கையை விரித்தார். முன்னறையில் புதிதாக வாங்கிய விசிறி தொங்கியது. அந்த ஊர் வெயிலுக்கு அதைக் கழற்ற முடியாது. கடைசியில் உள்ளறையின் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டிலும் ஒரு நூல் சேலையின் இரண்டு முனைகளைக் கட்டி, நடுவில் மகளைப் போட்டேன். முதல் நாள் மூன்றாவது கம்பியில் கட்டினேன். அது ஆடுகிற கம்பி. முடிச்சு சர்ரென்று கீழே இறங்கி, குழந்தை என் கையில் வந்து விழுந்தது. பிறகுதான் பழகிக்கொண்டேன். இரண்டாவது கம்பியில், குறுக்குப் பட்டைக்கு மேலே முடிச்சுப் போட வேண்டும். அப்போதும் அது தொட்டில் மாதிரி ஆடாது. இழுத்துக் கட்டிய கொடித்துணி மாதிரி லேசாக அசையும். மகள் தூங்காமல் மேலே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவளோடு சேர்ந்து நானும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றரை வருஷம் கட்டியதில் ஜன்னல் கம்பிகளில் பெயிண்ட் தேய்ந்து, துணி உராய்ந்த இடம் வழவழவென்று ஆனது. அந்தத் தடம் கடைசிவரை போகவில்லை.

மில்லுக்காரர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று மிளகாய் அரைக்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறினேன். ஒரே ஒரு தடவை, பஸ் ஓடாத நாளில், பண்டிகைக்கு மிளகாய் அரைத்தே ஆக வேண்டும் என்று அவர் மில்லுக்குப் போனேன். உத்தரத்தில் கிளாம்பு போட்டு ஒரு கொக்கியை முறுக்கி, அதில் தராசு மாட்டியிருந்தார். பச்சைப் பெயிண்ட். அவர் என் பையை வாங்கி அதில் மாட்டினார். என் மகளுக்குக் கிடைக்காத கொக்கியில் என் மிளகாய் ஆடியது.

"நல்ல நெடியா இருக்குதுங்க அம்மிணி. கண்ணு எரியுதுங்களா?" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப நாளா."

அவருக்குப் புரியவில்லை. மிளகாய் அரைபட்டு வந்தது.

பிறகு நான் மலையாளம் படித்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. பஸ் போர்டில் ஆரம்பித்து, ரேஷன் கடைப் பலகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பலகாரம் மடித்து வந்த பத்திரிகைத் தாள் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். மகள் பள்ளிக்குப் போனதும் அவள் புத்தகத்தை அவளுக்கு முன்னால் நான் முடித்துவிடுவேன். ஒரு வருஷம் நில வரி கட்ட வில்லேஜ் ஆபீசுக்கு ஆதாரத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வரிசையில் நிற்கும்போது சும்மா விரித்து, விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனேன். இடத்தின் எல்லை, கிணறு, வீடு, அதற்குப் பிறகு 'குழிக்கூறு' என்று தொடங்கும் ஒரு வரி. அங்கே வேலை பார்த்த மலையாளப் பெண்ணிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"மண்ணில் ஊனியது, சுவரில் பதிச்சது, எல்லாம் சேர்த்துத்தான் சேச்சி. மரம், மோட்டார், கதவு, எல்லாம். வீடு வித்தா அதுவும் போகும்." அவர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்.

அப்படியென்றால் அது கஞ்சத்தனம் இல்லை, களவு. அவருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது என்பதும் தெரிந்துதான் சிரித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேங்காய் நார் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே, "இரும்புதானே, விடு புள்ள" என்றார். அவர் எதையும் விட்டுவிடுகிற மனுஷர். அதனால் எங்கள் இருவர் பங்குக் கோபத்தையும் நான் ஒருத்தியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வைத்துக்கொண்டேன். பெட்டியில் பட்டுச்சேலை வைப்பது மாதிரி, பூச்சி அரிக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, மடிப்பு மாற்றி.

மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றாள். எங்களையும் அங்கே வந்துவிடச் சொன்னாள். வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டை விற்பது என்று முடிவானது. பால்கார அக்கா ஊரெல்லாம் சொன்னார். நான்காம் நாள் வாசலில் வந்து நின்றவர்கள் மில்லுக்காரரும் அவர் மனைவியும்.

ரோடு அகலப்படுத்தியதில் மில்லின் முன்பாதி போய்விட்டது. மேலே குடியிருக்க வழியில்லை. கடைசிப் பெண் பிரசவத்துக்கு வருகிறாள். பழைய வீடே கிடைத்தால் நல்லது என்று வந்திருக்கிறார்கள். மனைவிக்கு அந்த வீடு என்றால் உயிர். அவர் உட்காரும் முன்பே சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குள்ளே யாரோ மேளம் கொட்டியது போல இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையும் சரியாகத்தான் போட்டேன்.

விலை பேசுவது வீட்டுக்காரர் பாடு, அது ஒரே மூச்சில் முடிந்தது. பிறகு மில்லுக்காரர் எழுந்து, எது எது வீட்டோடு இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன்.

"இந்த விசிறி இருக்குமுங்களா?"

"எடுத்துக்குவனுங்க."

"குழாயி?"

"எடுத்துக்குவனுங்க."

"ஏனுங்க அம்மிணி, குழாயப் போயி... செரி. மோட்டாரு?"

"அதும்."

"ஆட்டுக்கல்லு தரையில பதிச்சிருக்குதுங்களே?"

"தோண்டிக்குவனுங்க. பள்ளம் உங்களுக்குப் புதுசா என்ன?"

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "இதென்னுங்க இப்படி? செவுத்துல இருக்கறதெல்லாம் ஊட்டோடதானுங்களே போகும்? அதுதானுங்களே மொறை?"

"அந்த மொறை எப்ப இருந்துங்க?"

"எப்பவுமேதானுங்களே."

அவருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. இருபத்துமூன்று வருஷமாக நான் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்ததை, அவர் அன்றைக்கே மில்லைச் சாத்தும்போது மறந்துவிட்டிருக்கிறார். நான் உள்ளறைக்கு அழைத்துப் போய் மேலே காட்டினேன்.

"இது என்னுங்க?"

"ஏதோ பழைய கம்பியாட்டம் இருக்குது."

"உங்க மில்லுல தராசு மாட்டியிருக்கறீங்களே, அதோட மறுபாதிங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது.

நான் சொல்ல வேண்டியதை எத்தனையோ தடவை மெஷினில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது நீளமாக ஒன்றும் வரவில்லை. "அந்தக் கொக்கியக் கொண்டாங்க. நீங்களே உங்க கையில தூக்கி, இருந்த எடத்துல வெச்சுக் காட்டுங்க. எப்படிப் போச்சுன்னு உங்க வாயில சொல்லுங்க. அப்பறம் இந்த ஊட்டுல ஒரு ஆணியும் நான் தொட மாட்டேன். இல்லீனா நீங்க எங்களுக்குக் குடுத்த மாதிரியே உங்களுக்குக் குடுக்கறேன். சோளத்தக்கை கூடத் தேடி வெச்சிருக்கறனுங்க."

அவர் முகம் மிளகாய் நிறத்துக்கு வந்தது. "ஒரு கம்பிக்கு இவ்வளவுங்களா?" என்று வாசலுக்கு நடந்தார்.

வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் என்னிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசினார். "உனக்கு வேணுங்கறது கொக்கியா, அந்தாளோட தலையா?"

"தலைய வெச்சு நான் என்னுங்க பண்ணறது? கொக்கிதான்."

மூன்று நாள் கழித்து மில்லுக்காரர் வந்தார், காகிதத்தில் சுற்றிய ஒரு கொக்கியோடு. பிரித்துப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. பொள்ளாச்சியில் வாங்கி, அன்று காலையில்தான் அடித்திருப்பார். தராசு தொங்கித் தொங்கி வளைவின் உள்பக்கம் தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. நான் காகிதத்தைப் பழையபடி சுற்றி, தையல் நூலால் கட்டி, அவர் கையிலேயே கொடுத்தேன்.

"இது நல்லாருக்குதுங்க. உங்க மில்லுக்கு ஆகும்."

பால்கார அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தது தெருவுக்கே கேட்டது. "அந்த மனுசன் நாக்குல உமி ஒட்டுன மாதிரி போறாரு பாரு" என்றார். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து மனைவி மட்டும் தனியாக வந்தார். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் துணித்துண்டுகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, நான் உனக்குச் சொன்னது எனக்கு மறக்கலே. அவரு அறுக்கறபோது நான் ஏணியப் புடிச்சுட்டு நின்னேன்."

"நீங்களுமுங்களா?"

"புடிச்சேன். வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அப்பறம் புடிச்சேன். ஏணி ஆடுச்சு."

அவரை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. மன்னிக்கவும் தோன்றவில்லை. "அவரை வரச் சொல்லுங்க. ஏணி நான் புடிக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மில்லுக்காரர் வந்தார். தோளில் துண்டு, கையில் மிளகாய்ப்பொடி அப்பிய ஒரு பை. மில்லில் கிளாம்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது பார்த்தேன். துருவுக்கு நடுவில் அங்கங்கே பழைய பச்சை. வளைவின் உள்பக்கம் தேய்ந்து, விரல் வைத்தால் குழி தெரிந்தது. பால்கார அக்காவையும் கூப்பிட்டேன். நாலு காது கேட்க வேண்டும் எனக்கு.

ஏணியை நான்தான் பிடித்தேன். ஆட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்லக் கூடாது. ஆட்டவில்லை. அவர் வயசுக்கு மூச்சு வாங்க ஏறி, கொக்கியின் தலையை அந்தப் பொட்டில் வைத்தார். முதலில் பொருந்தவில்லை. "திருப்புங்க, சாய்வு அந்தப் பக்கம்" என்றேன். திருப்பினார். சாய்வோடு சாய்வு உட்கார்ந்தது. இடையில் ஒரு மயிர் நுழையாது. கொக்கி தொங்கிக்கொண்டிருப்பது போலவே இருந்தது, அவர் கை பிடித்திருந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

"சொல்லுங்க" என்றேன்.

"நான்தானுங்க அறுத்தேன்."

"எதுக்குங்க?"

அவர் மேலேயே நின்று யோசித்தார். நான் எத்தனையோ காரணம் நினைத்து வைத்திருந்தேன். எங்களைப் பிடிக்கவில்லை, வாடகை வீட்டிலிருந்து வந்தவர்கள் என்ற இளப்பம், மூன்று பிள்ளை தூங்கிய ராசியை விட்டுத் தர மனமில்லை, இப்படி ஏதாவது.

"தராசு மாட்டக் கடையில நல்ல கொக்கி கெடைக்கலீங்க. எல்லாம் லொடக்கு. இது அந்தக் காலத்து இரும்பு. அவ்வளவுதானுங்க அம்மிணி. வேற ஒண்ணும் நெனைக்கலீங்க."

என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். பால்கார அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். எங்களை அவர் பகையாகக்கூட நினைக்கவில்லை. கடையில் நல்ல கொக்கி இருந்திருந்தால் என் மகள் ஆடியிருப்பாள்.

"ஆதாரத்துல இது ஆரோடதுன்னு எழுதியிருந்துச்சுங்க?"

கையிலிருந்த கொக்கியைப் பார்த்து, "உங்களுதுதானுங்க" என்றார்.

"எறங்குங்க."

இறங்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வெல்டிங் ஆளுக்குச் சொல்லியிருப்பதாகவும், சாயங்காலமே வந்து ஒட்டிவிடுவான் என்றும், பெண் அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்றும் சொன்னார். குரலில் வேலை முடிந்த நிம்மதி. நான் கையை நீட்டினேன். கொக்கியைக் கொடுத்தார். நான் அதைத் தையல் மெஷின் மேலிருந்த என் துணிப்பையில் போட்டு, பையின் வாயை முடிந்தேன்.

"அம்மிணி, அது..."

"எங்களுதுன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க. எங்க சாமானம் எங்ககூட வரும். மத்ததெல்லாம் இருக்கும். விசிறி, குழாயி, மோட்டாரு, ஆட்டுக்கல்லு, ஒரு ஆணி கொறையாது. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"எம்பொண்ணு புள்ளைக்கு?"

"ஜன்னலு இருக்குதுங்க. ரெண்டும் எதிரெதிரா. எம்பொண்ணு அதுலதான் தூங்குனா. கம்பியில தடம் இருக்குது பாருங்க, அது ஊட்டோடது. அதை அறுத்துட்டுப் போக எனக்குத் தெரியலீங்க."

மில்லுக்காரர் மனைவி ஜன்னலுக்குப் போய் அந்தத் தடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். அவர் கொக்கியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.

ஆதாரம் எழுதுகிற இடத்தில் எழுதியவர் பழைய வேகத்திலேயே வாசிக்க ஆரம்பித்தார். "இங்க குடுங்க, நானே வாசிக்கறேன்" என்று வாங்கி, மலையாளத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாக வாசித்தேன். குழிக்கூறு வரி வந்ததும் நிறுத்தி மில்லுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். தேவையில்லைதான். இனித்தது.

வீட்டை ஒப்படைக்கிற நாள் ஒவ்வொரு பல்பையும் துணியால் துடைத்தேன். குழாயைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஆட்டுக்கல்லைக் கழுவிக் குழவியை நிறுத்தி வைத்தேன். கதவுத் தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விட்டேன். வீட்டுக்காரர், மனசு மாறிவிட்டது என்று நினைத்து, "பரவாயில்லையே" என்றார். மாறவில்லை. மில்லுக்காரர் ஒவ்வொரு சுவிட்சைப் போடும்போதும், ஒவ்வொரு குழாயைத் திறக்கும்போதும், இது இருக்கிறது என்று ஒரு நொடி நினைக்க வேண்டும். வெறும் பள்ளத்தை விட்டுப் போயிருந்தால் ஒரு வாரத்தில் மூடியிருப்பார். இதை மூட முடியாது.

கொக்கி பையில் கனமாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மகள் வீட்டில் பேரனுக்கு ஸ்பிரிங் வைத்த தொட்டில் இருக்கிறது, நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டோடு. கொக்கிக்கு அங்கே வேலையே இல்லை. சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மருமகன் ஒருநாள் அதில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டார். எடுத்துக் கீழே வைத்தேன். மகள் மட்டும் அதைக் கையில் எடுத்துத் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்காம்மா இத்தனை வருஷம்?" என்றாள். "உனக்காகத்தான்" என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அது முழுக்க உண்மையில்லை என்பதால் சொல்லவில்லை.

போன வாரம் பால்கார அக்கா போன் செய்தார்.

"ஏ புள்ள, கேட்டயா! மில்லுக்காரன் பொண்ணு புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா. ஆம்பளப் புள்ள. அந்த வெல்டிங்காரன் வந்து மேலயே பாத்துட்டு, புதுக் கொக்கி ஒட்டுனா நிக்காதுன்னு போயிட்டான். கடைசியில உள்ளறை ஜன்னல்ல சேலை கட்டியிருக்கறாங்க. நான் பால் ஊத்தப் போனப்ப என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து ஒரு கையில ஆட்டிட்டு இருக்கறான். ஆடவே மாட்டேங்குது!"

எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. மறைக்கமாட்டேன். அக்காவை இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டேன். என்ன நிறச் சேலை என்று கேட்டேன். மாம்பழ நிறம் என்றார்.

"எந்தக் கம்பியில கட்டியிருக்கறாங்க?"

"அதையெல்லாம் ஆரு பாத்தா? ஓரத்துல இருந்து மூணாவதோ என்னமோ."

நான் அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"அக்கா, போனை வெச்சுட்டு இப்பவே போங்க. மூணாவது ஆடும். ரெண்டாவதுல கட்டோணும், குறுக்குப் பட்டைக்கு மேல முடிச்சு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். போங்க்கா, சீக்கிரம்."